கடல் பக்கத்து அண்டா

நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. செவ்வாய் என்று எழுதி வைத்திருக்கிறேன். என் தங்கை வியாழன் என்று சாதிக்கிறாள். ஜேனட் புயல் எங்கள் கூரைகளைக் கொண்டுபோன பிறகு வந்த ஆறாவது வருடம் என்பது மட்டும் நிச்சயம். இதில் எதையாவது நான் மாற்றிச் சொன்னால் அது மறதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தேகால் வரை லா ரோஷ் ஊரைச் சேர்ந்த அறுபத்து மூன்று பேர் தரையில் இல்லை. அதே நேரத்தில் செத்துப்போன பதினொரு பேர் தங்கள் இடத்துக்குத் திரும்ப முடியாமல் சாப்பாட்டு மேசையில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டுக்கும் காரணம் உப்பு.

எங்கள் கரியாகூத் தீவில் கல்யாணம் என்றால் முதல் தட்டு இறந்தவர்களுக்கு. ஓர் அறையை ஒழித்து, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சோளமாவுக் களியும் ஆட்டிறைச்சியும் துவரையும் உருட்டிய சோறும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். அவர்களுக்கான சமையலில் உப்பு கிடையாது. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களில் உப்புத் தின்னாதவர்கள் ஒரு விடியலில் பருத்திக் காட்டிலிருந்து எழும்பி ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிட்டார்கள். எசமான் கொடுத்த கருவாட்டைத் தின்றவர்கள் கனத்துப்போய்த் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். இறந்தவர்கள் சாப்பிட்ட பின் திரும்பிப் போக வேண்டியவர்கள், அதனால் அவர்களைக் கனமாக்கக் கூடாது. இன்னும் சில விதிகள் உண்டு. அவர்களுடைய அண்டா கிழக்குப் பக்கத்து அடுப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் வருவது கிழக்கிலிருந்து. அதைக் கிண்டுகிறவர் அந்த மேசை அறையின் கதவு மறுபடி திறக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. அவர்கள் கைவைக்கும் முன் எந்த அண்டாவிலிருந்தும் யாரும் ருசி பார்க்கக் கூடாது.

கல்யாணப் பெண் எஸ்மினா குவாஷிக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் அப்பா பாதி கட்டி முடித்த ஒரு பாய்மரப் படகு கடற்கரையில் நின்றது. அவர் காய்ச்சலில் போன பிறகு அவள் எலுமிச்சையும் ஆடும் விற்று, தச்சர்களை வைத்து, வருடத்துக்கு இரண்டு பலகை, மூன்று பலகை என்று அறைந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளைப் போட்டுப்போனது போல இருக்கும். மாப்பிள்ளை அல்ஃபான்ஸ் லெண்டோர் தீவின் மேற்குக் கரைக்காரன். அருபாத் தீவில் எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்துகிற வேலை. கல்யாணத்துக்குப் பதினொரு நாள் கழித்துப் புறப்படும் கப்பலில் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவர்கள் இருவரும் அந்தப் படகின் நிழலில் உட்கார்ந்து பேசியதை ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர்கள் கேட்டு ஊருக்குச் சொன்னார்கள்.

"அருபால வீட்டுக்குள்ளயே தண்ணி வருது. குழாயத் திருகினா போதும்" என்றான் அல்ஃபான்ஸ்.

"இங்கயும்தான் வீட்டுக்குள்ள வருது. கூரைய ஒழுக விட்டு வச்சிருந்தா போதும்."

"பகடி பண்ணாத. இந்த எலும்புக்கூட்ட வச்சுக்கிட்டு என்னதான் பண்ணப் போற?"

"கடல்ல எறக்குவேன்."

"எப்ப? நமக்குப் பேரன் பொறந்த பெறகா?"

"அவனுக்கும் இதுல எடம் இருக்கு. நீ வேணும்னா பின்னாடி ஆட்டுக்குட்டிங்களோட உக்காந்துக்க."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அவனும் வேண்டும், படகும் வேண்டும். கடைசியில் கொடி சொல்கிறபடி கேட்பது என்று இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். எங்கள் கல்யாணங்களில் பெண்வீட்டுக் கொடியும் பிள்ளைவீட்டுக் கொடியும் நாற்சந்தியில் சந்தித்து ஆடும். ஆட்டம் முடியும்போது எவருடைய கொடி மேலே நிற்கிறதோ அந்த வீட்டில் அவர் சொல்தான் செல்லும். அவன் கொடி மேலே நின்றால் அவள் படகைக் கரி சுடுகிறவனுக்கு விற்றுவிட்டு அருபாவுக்குக் கப்பலேற வேண்டும். அவள் கொடி நின்றால் அவன் இங்கேயே இருக்க வேண்டும். இதில் அவளுக்கு நம்பிக்கை வைக்க அதிகம் இல்லை. பிள்ளைவீட்டுக் கொடியைப் பிடிப்பவன் பர்சிவல், ஒற்றைக் கையில் நங்கூரம் தூக்குபவன். எங்கள் பக்கம் ஆடத் தெரிந்தவன் செருப்புத் தைக்கிற காலிஸ்டஸ் ஒருவன்தான். அவன் நடந்துபோனால் சட்டை மட்டும் நடந்துபோவது போல இருக்கும். கரி சுடுகிறவன் முந்தைய வாரமே வந்து பலகைகளை முழம் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

சமையல் பொறுப்பு எஸ்மினாவின் அத்தை டோர்சில்லாவிடம் இருந்தது. விடியும் முன்பே இரண்டு அண்டாக்களை அவள் ஏற்றியிருந்தாள். எங்கள் ஊர் கிழக்குக் கரையில் இருப்பதால் எங்களுக்குக் கிழக்கு என்றால் கடல் பக்கம். எனவே கடல் பக்கத்து அண்டா இறந்தவர்களுக்கு, மலைப் பக்கத்து அண்டா உயிரோடிருப்பவர்களுக்கு. மாப்பிள்ளையின் அம்மா ஃபிலோமேன், நல்ல மனசுக்காரி, உதவி செய்யலாம் என்று மலையேறி இறங்கி வந்துசேர்ந்தாள். தலையில் ஒரு மூட்டை உப்பு. அவள் ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே கிழக்கு என்றால் மலைப் பக்கம். அறுபது வருடமாக மலைப் பக்கத்து அண்டாவில் உப்புப் போடாமல் பழகிய கை அது.

"என்ன சம்பந்தி, உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

டோர்சில்லா பேச முடியாது. இல்லை என்று தலையாட்டிவிட்டு, மோவாயால் மலைப் பக்கத்து அண்டாவைக் காட்டினாள். அதில் போடு என்று அர்த்தம்.

"அட, அது பெரியவங்களோடதுன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா? நீங்க போய் ரம் ஊத்திட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஃபிலோமேன்.

டோர்சில்லாவுக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. ரம் ஊற்றும் நேரம் தவறிவிடக் கூடாதே என்ற பதற்றம். அவள் நாற்சந்தியில் முன்னோர் பேரில் மண்ணுக்கு ரம் வார்த்துவிட்டுத் திரும்பியபோது, ஃபிலோமேன் கடல் பக்கத்து அண்டாவில் மூன்று கை உப்பைப் போட்டுக் கலக்கி, மேலே தேங்காய்ப் பாலும் சேர்த்து, திருப்தியோடு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உப்பு வேலை முடிந்தது என்று டோர்சில்லா நினைத்தாள். யாரும் ருசி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

மேசை போடப்பட்டது, கதவு சாத்தப்பட்டது. மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு வந்ததும் பெண்வீட்டார் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிள்ளைவீட்டார் வழக்கப்படி தங்கள் வீட்டிலேயே உப்பிட்ட பன்றிக்கறி போட்ட சேப்பங்கீரைக் கூட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர்வலமாக வந்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கொடி ஆட்டம் முடியும் வரை பட்டினி. எங்கள் பக்கத்தில் முதல் கவளத்திலேயே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"டோர்சில்லாவுக்கு இன்னிக்கு வாய்தான் ஓடலன்னு நெனச்சேன், கையும் ஓடல போல" என்றான் காலிஸ்டஸ்.

"மெதுவாப் பேசு. மாப்பிள்ளையோட ஆத்தா கூட நின்னு செஞ்சாங்களாம்."

"அப்படியா? அப்ப இன்னொரு தட்டு போடு. சம்பந்திய அவமானப்படுத்தக் கூடாது."

அப்படித்தான் எல்லோரும் மரியாதைக்காக இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டோம். மூன்று ஆடுகள் தட்டுகளை நக்கின. காலிஸ்டஸ் நான்கு தட்டு சாப்பிட்டான். அவனுக்கு அன்றைக்குப் பலம் தேவைப்பட்டது.

மூன்று மணிக்கு நாற்சந்தியில் பிடிலும் ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிய மேளங்களும் ஒன்றாகத் தொடங்கின. முதலில் இரண்டு வீட்டுக் கேக்குகளையும் தலையில் வைத்துப் பெண்கள் ஆடினார்கள். அதில் நாங்கள் தோற்றோம், யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கொடிகள் வந்தன. பர்சிவல் நீலக் கொடியை ஓங்கியபோது மேற்குக் கரை முழுவதும் கத்தியது. காலிஸ்டஸின் சிவப்புக் கொடி அவன் அக்குளுக்குக் கீழே கிடந்து தவித்தது. எஸ்மினா கையிலிருந்த பூங்கொத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து பர்சிவல் தன் கொடியைச் சாய்த்து அழுத்தினான். காலிஸ்டஸ் தப்பிக்க ஒரு குதி குதித்தான். கீழே வரவில்லை.

முதலில் அதை நல்ல ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினோம். கைதட்டிய வேகத்தில் நாங்களும் கிளம்பினோம். பிடில்காரர் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே போனார். பெண்கள் பாவாடையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்கள். மேளக்காரர் மேளத்தோடு போனார். ஆடுகள் புகார் செய்துகொண்டே போயின. ஒரே கூச்சல், சிரிப்பு, பெயர் சொல்லி அழைத்தல். தென்னை மரத்தின் உச்சியளவு உயரத்தில் எல்லாம் நின்றது. நானும் அங்கே இருந்தேன். அது எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: கூச்சல் திடீரென்று அடங்கியது. அறுபத்து மூன்று பேரும் யாரும் சொல்லாமலே ஒரே பக்கம் திரும்பினோம். காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் காற்றுக்கு எதிராக, கிழக்கே, கடலை நோக்கி நகர ஆரம்பித்தோம்.

கீழே ஃபிலோமேன் அலறினாள். பர்சிவல் சும்மா இருக்கவில்லை.

"இது செல்லாது! கால் தரையில இருந்தாத்தான் ஆட்டம்! எறங்கி வாடா செருப்புத் தைக்கிறவனே!"

"நீ ஏறி வாடா!" என்று மேலிருந்து குரல் வந்தது. காலிஸ்டஸ் கடலுக்குள் இருந்த பாறைத் திட்டை நெருங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மேசை அறையின் கதவு திறந்தது. எஸ்மினாவின் தாத்தாவுக்குத் தாத்தா குஜோ, நூற்று இருபது வருடத்துக்கு முன் இறந்த தச்சர், வாயைப் புறங்கையால் துடைத்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர், எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"யாருடி இதுல உப்பப் போட்டது?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு, கொற சொல்லல. ஆனா எந்திரிக்க முடியலயே."

டோர்சில்லா கடல் பக்கத்து அண்டாவைப் பார்த்தாள். மலைப் பக்கத்து அண்டாவைப் பார்த்தாள். கதவு திறந்துவிட்டதால் அவள் இப்போது பேசலாம். "ஐயோ சம்பந்தி" என்றாள். ஃபிலோமேன் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒப்பாரி அப்பறம்" என்றார் குஜோ. "எங்களயே இழுத்து ஒக்கார வச்ச உப்பு அவங்கள எறக்காதா? ஆளுக்கு ஒரு சிட்டிக, நாக்குல. யாராவது மேல போங்க. சீக்கிரம். எனக்குத் தெரிஞ்சு அங்க போனவங்க ஒருத்தரும் திரும்பல."

மேலே போக வேண்டுமானால் உப்பில்லாத வயிறு வேண்டும். டோர்சில்லாகூட விடியலில் ஒரு துண்டு கருவாடு கடித்திருந்தாள்; அன்று எதுவுமே சாப்பிடாதவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும்தான். எஸ்மினா மலைப் பக்கத்து அண்டாவுக்குள் தலையை விட்டு அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டினாள். ஒரு கைப்பிடிதான் தேறியது. அதை அல்ஃபான்ஸிடம் நீட்டினாள்.

"நான் போறேன்னு எப்பச் சொன்னேன்?" என்றான் அவன்.

"ஒனக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். அப்ப கயித்த யாரு பிடிக்கணும்? வாயத் தெற."

அவன் தின்றான். அவள் அவன் இடுப்பில் உப்பு மூட்டையைக் கட்டினாள், கல்யாணக் கோட்டின் மேலேயே கயிற்றைச் சுற்றினாள். கயிற்றின் மறுமுனையைக் கட்ட அந்தக் கடற்கரையில் கனமான பொருள் ஒன்றுதான் இருந்தது. படகுக்கு அப்பா இட்ட அடிமரமான ஏராக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதற்குள் அவன் கால் தரையை விட்டிருந்தது. கயிறு முழுவதும் விடுபட்டு விறைத்தபோது படகு முனகியது. பிறகு, முட்டுக்கட்டைகளிலிருந்து நழுவி, கடலை நோக்கி மூன்று முழம் நகர்ந்தது.

"ஏறுங்க!" என்று எஸ்மினா கத்தினாள். "எல்லாரும் உள்ள ஏறி ஒக்காருங்க! பர்சிவல் அண்ணே, கொடிய எறிஞ்சிட்டு ஓடியாங்க!"

பர்சிவல் நீலக் கொடியை மணலில் எறிந்துவிட்டு ஓடினான். மேற்குக் கரைக்காரர்கள் நாற்பது பேர் அந்தப் பாதிப் படகுக்குள் விழுந்தடித்து ஏறினார்கள். இறந்தவர்கள் பதினொரு பேரும் ஏறினார்கள். புதிதாகக் கனத்திருந்ததால் அவர்களே அதிகம் உதவினார்கள். படகு நின்றது. குஜோ உட்கார்ந்த இடத்திலிருந்தே பலகைகளைத் தடவிப் பார்த்து, "இந்த ஆணிய அடிச்ச கைய ஒடிக்கணும்" என்றார்.

மேலே அல்ஃபான்ஸ் ஒருவரிடமிருந்து ஒருவரிடம் தாவினான். அவன் கல்யாணச் சப்பாத்துகள் இரண்டும் விழுந்துவிட்டன. நாக்கில் சிட்டிகை உப்புப் பட்டதும் ஆள் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போவார். பாறைத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் இடுப்பளவுதான். தொப் தொப்பென்று சீமைப்பலா விழுவது போல ஊரே கடலில் விழுந்துகொண்டிருந்தது. அலையில் நனைந்து, இருமி, உடனே மேலே பார்த்து அடுத்தவரை எண்ணினோம். சிலர் வாயை மூடிக்கொண்டார்கள், அவர்களைக் கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டியிருந்தது. பிடில்காரர் பாட்டை முடிக்காமல் இறங்க மாட்டேன் என்று சொன்னதாக ஞாபகம். மூன்று ஆடுகளும் அறுபத்திரண்டு பேரும் ஆயிற்று. காலிஸ்டஸ் மட்டும் பாக்கி, நான்கு தட்டு சாப்பிட்டவன், எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட உயரத்தில். கயிறு அவனுக்கு ஒரு கை தூரம் குறைவாக இருந்தது.

காலிஸ்டஸ் சிவப்புக் கொடியின் கம்பைக் கீழே நீட்டினான். அல்ஃபான்ஸ் அதன் அடியைப் பிடித்துக்கொண்டான். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இருவரும் ஒரே கம்பில் தொங்குவது தெரிந்தது, உச்சியில் சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு இரண்டு சாட்சிகள் மட்டுமே உண்டு, இருவரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். காலிஸ்டஸ் சொல்வது இது:

"எந்தக் கொடி மேல இருக்கு மாப்ளே?"

"வாயத் தெறய்யா, உப்பு கொட்டுது."

"மொதல்ல சொல்லு. எனக்கு அவசரம் இல்ல. அந்தப் பக்கமும் நல்லாத்தான் தெரியுது."

அல்ஃபான்ஸ் கீழே பார்த்தானாம். நாற்பதும் பதினொன்றும் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்தப் படகு மேலிருந்து பார்க்கச் சின்னதாக இருந்ததாம். அதன் முன்னால் எஸ்மினா ஒருத்தி மட்டும் கால்களை மணலில் ஊன்றி, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை அவனை விட்டு எடுக்காமல் நின்றாளாம். பிறகு, "ஒங்க கொடிதான்" என்றானாம். அல்ஃபான்ஸ் சொல்வதோ, தான் எதுவும் பேசவே இல்லை, காலிஸ்டஸ் கொட்டாவி விட்டபோது உப்பைப் போட்டேன் என்பது. எனக்கு இரண்டையும் நம்ப முடிகிறது.

காலிஸ்டஸ் விழுந்தான். மூட்டை காலி. அல்ஃபான்ஸுக்கு ஒரு சிட்டிகைகூட மிச்சம் இல்லை. அவன் கயிற்றின் நுனியில் கிழக்கே நீண்டு, விறைத்து நின்றான். அப்போது எஸ்மினா இழுக்கத் தொடங்கினாள். கடலிலிருந்து எழுந்துவந்த நாங்களும் நனைந்த கல்யாண உடையோடு கயிற்றைப் பிடித்தோம். புதுப் படகைக் கடலில் இறக்கும்போது பாடி இழுப்போமே, அதே பாட்டுத்தான். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. முழம் முழமாக அவன் இறங்கி வந்தான். கை எட்டியதும் எஸ்மினா அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தைக் கடல் தண்ணீருக்குள் அமுக்கினாள். இரண்டு மடக்குக் குடித்ததும் அவன் கால் மணலில் நின்றது.

"குழாயத் திருகவே வேணாம் பாரு" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நீலக் கொடியை அலை கொண்டுபோயிருந்தது. யாரும் தேடவில்லை. கல்யாண விருந்தில் மிச்சம் இருந்த கேக்கைச் சாப்பிட்டோம். ஐஸ் கட்டி போட்டால் மூழ்கிப்போகிற அளவு காட்டமான எங்கள் ரம்மைக் குடித்தோம். இறந்தவர்களும் குடித்தார்கள்.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். அருபா டிக்கெட் ஒன்றில் பர்சிவல் போனான். பதினாறு வருடம் அங்கே இருந்துவிட்டு ஒரு டச்சு மனைவியோடு திரும்பினான். இன்னொரு டிக்கெட் வீணாயிற்று. ஃபிலோமேன் வெட்கத்தில் ஒன்பது நாள் எங்கள் ஊரிலேயே முகம் காட்டாமல் இருந்து, பிறகு டோர்சில்லாவின் அடுப்படியிலேயே தங்கிவிட்டாள்; இருவரும் சாகும் வரை திசைகளைப் பற்றிச் சண்டை போட்டார்கள். காலிஸ்டஸ் செருப்புத் தைத்தான். இறக்கும்போது அவன் எடை நாற்பத்தொன்பது கிலோ. குஜோவும் இறந்தவர்களில் தச்சுத் தெரிந்த இன்னும் நான்கு பேரும் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் படகைப் பதினான்கு மாதத்தில் கட்டி முடித்தார்கள். அது இறங்கிய நாளில் தண்ணீரைத் தொட்டவுடன் யாரும் பாய் விரிக்கும் முன்பே பத்துப் பாகத் தூரம் ஓடியது, எஸ்மினா உடையோடு நீந்திப் போய் ஏறினாள். பத்தொன்பது வருடம் அது கிரெனடாவுக்கும் டிரினிடாடுக்கும் எலுமிச்சையும் ஆடும் கொண்டுபோயிற்று. பிறகு ஒரு பாறையில் உடைந்தது, ஆள்சேதம் இல்லை. எஸ்மினா அடுத்ததைக் கட்டினாள். அல்ஃபான்ஸ் பின்பக்கத்தில் ஆட்டுக்குட்டிகளோடு உட்கார்ந்து போய்வந்தான், மூன்று பிள்ளைகள், முடிச்சு அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. பதினொரு பேரில் மூவர் இன்னொரு முறை இறந்தார்கள். அவர்களைப் பழைய குழிகளிலேயே புதைத்தோம், பாதிரியார் பெயர்களை இரண்டாம் முறை பதிவேட்டில் எழுதினார். மீதி எட்டுப் பேர் ஊரில் இருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஊர் மருந்தகத்துக்கு வருவார்கள். மற்றவர்களைப் போல வரிசையில்தான் நிற்கிறார்கள்.